அசைவில்லை

விரிசலக்கா என்று சொன்னால்தான் அந்த ஊரில் நாலு பேருக்கு அவளைத் தெரியும். சொந்தப் பேர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. எரிவாயுக் கம்பெனிக்காக வீடு வீடாகப் போய்ச் சுவர் விரிசலை அளந்து எழுதுவது அவள் வேலை. தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் விரல் நீளத்தில் வெட்டிய கண்ணாடிப் பட்டைகள், பொட்டலம் கட்டிய பிளாஸ்டர் மாவு, ஒரு கரண்டி, ஒரு தண்ணீர்ப் புட்டி, அப்புறம் கத்தை கத்தையாக அச்சடித்த பாரம்.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. விரிசலின் குறுக்கே கண்ணாடிப் பட்டையை வைத்து, இரண்டு முனையிலும் பிளாஸ்டரை அப்பி, ஈரம் காய்வதற்குள் தேதியைக் கீறிவிட்டு வர வேண்டும். அடுத்த மாதம் போய்ப் பார்க்கும்போது கண்ணாடி முழுசாக இருந்தால் பாரத்தில் ‘அசைவில்லை’ என்று எழுதலாம். உடைந்திருந்தால் சுவர் நகர்கிறது என்று அர்த்தம். ‘அசைவு உண்டு’ என்று எழுதிவிட்டால் அந்த வீட்டுக்காரர்கள் இரண்டே நாளில் மூட்டை கட்டிக்கொண்டு நெடுஞ்சாலை ஓரத்துத் தகரக் கொட்டகைக்குப் போயாக வேண்டும். பதினெட்டுக் குடும்பங்களை அவள் கையெழுத்து அப்படி அனுப்பியிருக்கிறது.

பாரத்தின் கடைசியில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். பழைய கட்டடம், அஸ்திவார இறக்கம், மற்றவை. மூன்றில் ஒன்றை டிக் அடிக்க வேண்டும். நிலநடுக்கம் என்ற வார்த்தை அதில் எங்கேயும் கிடையாது. கேட்டால், “மற்றவையில அதுவும் அடக்கம்தானேம்மா” என்பார் சூப்பர்வைசர்.

அண்ணி செத்துப் பதினோராவது நாள் அவள் வேலைக்குப் போனாள்.

முதலில் போனது பேக்கரிக்கு. பேக்கரிக்காரர் மாவுக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தவர், அவளைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

“நீங்க வருவீங்கன்னு நினைக்கலம்மா. வேற யாரையாவது அனுப்பியிருக்கலாமே.”

“யாரு இருக்கா அனுப்ப? ஸ்டூல் இருக்கா?”

அடுப்புக்குப் பின்னால் இருந்த சுவரில் விரிசல் ஆள் உயரத்துக்கு ஏறியிருந்தது. சூட்டில் வியர்த்து வழிய, அவள் ஸ்டூல்மேல் ஏறி நின்று பார்த்தாள். போன மாதம் ஒட்டிய கண்ணாடி நடுவில் சன்னமாகக் கீறல் விட்டிருந்தது. நகத்தால் தடவினாள். கீறல்தானா, ஒடிவா என்று விரல் நுனி சொல்லிவிடும். கீறல்தான்.

“இந்தப் பக்கம் ரொட்டித் தட்டை உயரமா அடுக்காதீங்க.”

“அடுக்கல. ஏம்மா, நான் கேக்கறேன்னு தப்பா எடுத்துக்கக் கூடாது. நாம பொறந்ததுலருந்து இந்த ஊரு ஒரு தடவ ஆடினது உண்டா? என் அப்பா காலத்துல உண்டா? கம்பெனிக்காரன் உள்ள குழாயை விட்டான், ஆட ஆரம்பிச்சுது. உள்ள இருக்கறதை உறிஞ்சி எடுத்தா மேல இருக்கறது உக்காரத்தானே செய்யும்? போதாக்குறைக்கு அந்த உப்புத் தண்ணியத் திரும்பவும் கீழயே தள்றான். ஒரு மனுஷன் வயித்துல இப்படிச் செஞ்சா சும்மா இருப்பானா?”

“எனக்கு என்னங்க தெரியும்.”

“உங்க வீட்டுக்காரர்தானே அங்க வால்வுக்காரரு? அவரு என்ன சொல்றாரு?”

“ஒன்னும் சொல்லல.”

அவர் அடுப்புப் பக்கம் திரும்பி ஒரு தட்டை வெளியே இழுத்தார். போகும்போது சுடச்சுட இரண்டு பன்னைக் காகிதத்தில் சுற்றிக் கையில் திணித்தார். தெருவில் நடந்துகொண்டே அவள் ஒன்றைத் தின்றாள். வாயில் சூடு மட்டும் தெரிந்தது. இனிப்பா உப்பா என்று தெரியவில்லை. பதினோரு நாளாக எதைத் தின்றாலும் அப்படித்தான் இருந்தது.

அண்ணி என்றால் புருஷனின் அக்கா. அம்மா அப்பா சீக்கிரமே போய்விட, தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், “ஒரு பிள்ளையைத்தான் வளர்த்துட்டேனே, அதுக்கு எதுக்குப் புருஷன்?” என்பாள். தையல்தான் பிழைப்பு. கம்பெனி ஆட்களின் நீல உடுப்பைப் பிடித்துத் தருவது, நீளம் குறைப்பது, கிழிசல் தைப்பது. வாய் மட்டும் கத்தரிக்கோல். விரிசலக்கா கல்யாணமாகி வந்த முதல் வாரமே, “மாமியார் இல்லாத வீடுன்னு சந்தோஷப்படாதே, அதுக்கும் சேர்த்து நான் இருக்கேன்” என்று சொன்னவள். குழம்பில் உப்புக் குறைந்தால், “ஏன், கடைக்காரன் உப்பு விக்கறதை நிறுத்திட்டானா?” என்பாள். சண்டை வந்தால் மூன்று நாள் முகம் பார்க்க மாட்டாள். நாலாம் நாள், அளவுகூட எடுக்காமல், கச்சிதமாக ஒரு புதுச் சட்டை தைத்துக் கட்டில்மேல் போட்டுவிட்டுப் போவாள். இருபத்தாறு வருஷத்தில் அப்படிச் சேர்ந்த சட்டைகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன.

அன்றைக்கு வந்தது ஒன்றும் பெரிய அதிர்வு இல்லை. பகல் இரண்டே முக்கால் மணி. நாலாவது தெருவில் ஒரு வீட்டில் ஸ்டூல்மேல் நின்றிருந்தவள், சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். ஆறு நொடி, மிஞ்சினால் ஏழு நொடி. “பயப்படாதீங்க, சின்னதுதான்” என்று வீட்டுக்காரிக்கு அவளே தைரியம் சொன்னாள். அந்த வீட்டு விரிசலை முழுசாக அளந்து, எழுதி, கையைக் கழுவிவிட்டுத்தான் கிளம்பினாள். தெருமுனை திரும்பும்போது அவள் வீட்டு வாசலில் கூட்டம் நின்றது. ஊரில் வேறு எங்கேயும் ஒரு செங்கல்கூட விழவில்லை. அவர்கள் வீட்டுப் பக்கச் சுவர் மட்டும் சன்னலோடு சேர்ந்து உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது. சன்னலோரம் மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த அண்ணிமேல்.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் அவளுக்குப் பாதி நினைவில்லை. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். யாரோ கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். எடுத்துக்கொண்டு போனார்கள், முடித்துவிட்டு வந்தார்கள். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் வந்து நாலு நாள் இருந்து அழுதாள். “அம்மா, நீ அழவே மாட்டேங்கிறியே” என்று அதற்கும் சேர்த்து அழுதாள். “வருது, வருது” என்று அவள் சொன்னாள், அடுப்பில் வைத்த தண்ணீரைப் பற்றிச் சொல்வதுபோல.

மிஞ்சியது முன்னறையும் சமையலறையும். சுவர் இருந்த இடத்தில் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். மழை இல்லாத வறட்டுக் காற்று அதைப் பகலெல்லாம் உப்பவைத்தது. புருஷன் காலை ஷிப்ட் முடிந்து வந்து, கை கால் கழுவி, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவான். சோறு, அவித்த உருளைக்கிழங்கு, ஒரு முட்டை. அவள் போட்டதைத் தின்பான்.

“இன்னும் கொஞ்சம் போடட்டுமா?”

“போதும்.”

“நாளைக்கும் காலை ஷிப்ட்தானா?”

“ஆமா.”

ஒரு நாளைக்கு அவ்வளவுதான் பேச்சு. மூன்றாவது தட்டை அவள் இரண்டு தடவை எடுத்து வைத்துவிட்டாள். அவன் ஒன்றும் சொல்லாமல் எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தான்.

அந்த வாரக் கடைசியில் சூப்பர்வைசர் ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

“உங்க வீட்டு பாரம் ஒன்னு நிலுவையில இருக்கும்மா. சேத அறிக்கை. நீங்களே மாசாமாசம் பார்த்த வீடுதானே, நீங்களே முடிச்சுக் கொடுத்துட்டா நல்லது. வேற ஆளைப் போட்டா ஆயிரம் கேள்வி வரும்.”

“என்ன எழுதணும்?”

“உள்ளதை எழுதுங்க. போன மாசம் நீங்க என்ன எழுதியிருக்கீங்க?” தாளைப் புரட்டினார். “அசைவில்லை. பாருங்க, உங்க கையெழுத்துதான். அசையாம இருந்த சுவரு. வீடும் நாப்பது வருஷத்து வீடு. அப்ப காரணம் என்னன்னு…”

அவர் முடிக்கவில்லை. முடிக்கவும் வேண்டியிருக்கவில்லை. அவள் பேனாவை வாங்கி ‘பழைய கட்டடம்’ என்ற இடத்தில் டிக் அடித்தாள். பக்கத்து வீட்டுக்கு எழுதுவதுபோலத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் ஒரு சின்ன டயரியைக் கொண்டுவந்து டீ டம்ளர் பக்கத்தில் வைத்தான். அட்டையில் கிரீஸ் கறை.

“இது என்ன?”

“பம்பு ரூம்ல நானா எழுதினது. ரீடிங் நோட்டு வேற. அது கம்பெனிக்கு. இது யாரும் எழுதச் சொல்லல.” ஒரு பக்கத்தைப் பிரித்தான். “இந்தப் பக்கம், கீழ தள்ற தண்ணிக்கு ப்ரெஷர் ஏத்தச் சொன்ன நாளு. அந்தப் பக்கம் ஊரு ஆடின நாளு. பாரு.”

அவள் பார்த்தாள். மணிமணியான எழுத்து. அவனுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்ததே அண்ணிதான்.

“ஏத்தின எட்டு நாளுல ஆடியிருக்கு. அடுத்தது பத்து நாளு. ஒன்பது. திரும்பவும் ஒன்பது. மொத்தம் பன்னெண்டு தடவை எழுதியிருக்கேன். ரெண்டு தடவைதான் ஏத்தியும் ஆடாம இருந்திருக்கு. மிச்சம் பத்தும் ஆடியிருக்கு.”

“எதுக்கு எழுதினீங்க?”

“முதல்ல சும்மாதான். பொழுது போகலன்னு. அப்புறம் எழுதறதை நிறுத்த முடியல.”

“யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“யார்கிட்ட சொல்றது? சொன்னா என்னை மாத்திட்டு வேற ஒருத்தனை உக்கார வைப்பாங்க. அவனும் திறக்கத்தான் போறான்.” கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தான். “அக்கா போறதுக்கு ஒன்பது நாள் முன்னாடி. காலைல பத்தேகால். ஏத்துன்னு போன் வந்துச்சு. வால்வைத் திறந்தது நான். நாலு சுத்து.”

அவன் கை தானாகக் காற்றில் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றிக் காட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலாவது சுற்றில் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

அவளுக்கும் சொல்ல ஒன்று இருந்தது. “டீ ஆறுது” என்றாள்.

அடுத்த வாரம் வெளியிலிருந்து விசாரணைக் குழு வந்தது. நூலகத்து மாடி ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். குழுவில் மூன்று பேர். அதில் ஒரு அம்மா பூமியைப் பற்றிப் படித்தவர். ஊருக்குள் வந்த இரண்டு நாளில் அவருக்குப் பாறை டாக்டர் என்று பேர் விழுந்துவிட்டது. எதிரே கம்பெனி இன்ஜினியர். ஹால் கொள்ளாத கூட்டம்.

அவன் எழுந்துபோய் டயரியைப் படித்தான். மீட்டரைப் பார்த்து ரீடிங் சொல்கிற அதே குரல். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கடைசி வரியையும் அப்படியே படித்துவிட்டு நின்றான்.

இன்ஜினியர் மரியாதையாகத்தான் கேட்டார். “உங்க துக்கம் எங்களுக்கும் துக்கம். ஆனா ஒன்னு. உலகத்துல தினம் எத்தனையோ இடத்துல பூமி ஆடுது. நீங்க எழுதினது பன்னெண்டு. இது தற்செயலா இருக்கலாமா, இல்லையா?”

“இருக்கலாம் சார்.”

“அப்புறம்?”

“எழுதினதைப் படிச்சேன் சார். அவ்வளவுதான்.”

பேக்கரிக்காரருக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டார். “டாக்டரம்மா, சுத்தி வளைக்காம நேரா சொல்லுங்க. மனுஷன் தோண்டறதால பூமி ஆடுமா, ஆடாதா?”

பாறை டாக்டர் மேசைமேல் இருந்த இரண்டு தடிப் புத்தகங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார். மேல் புத்தகத்தை விரலால் தள்ளினார். நகரவில்லை.

“கீழ பாறையில ஏற்கெனவே பிளவு உண்டு. அது நாம போட்டதில்ல, காலங்காலமா இருக்கறது. ரெண்டு பக்கமும் இப்படி ஒன்னை ஒன்னு இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். பக்கத்துல இருக்கற வாயுவை எடுத்தா பாரம் மாறும். தண்ணியைத் திணிச்சா அது பிளவுக்குள்ள போய் ரெண்டையும் விலக்கப் பார்க்கும். பிடிப்பு தளரும். எப்பவோ நழுவ வேண்டியது இப்பவே நழுவலாம். இது பல ஊர்ல பார்த்த விஷயம்தான். இந்த ஊர்லயும் அதுதான் நடக்குதான்னு கேட்டா, ஆமாங்கிற பக்கம்தான் நான் சாய்வேன்.”

ஹாலில் இரைச்சல் எழுந்தது. அது அடங்கும்வரை அவன் நின்றுகொண்டே இருந்தான். அடங்கியதும் கேட்டான்.

“அம்மா, அந்தக் கடைசி அதிர்வு. எங்க அக்கா போனது. அது நான் திறந்ததாலயா?”

பாறை டாக்டர் அவனையே பார்த்தார். “அந்த ஒன்னை மட்டும் தனியா எடுத்துக் கேட்டா எனக்குத் தெரியாதுங்க. யாருக்கும் தெரியாது. ஆமான்னு சொன்னாலும் பொய், இல்லைன்னு சொன்னாலும் பொய்.”

“சரிம்மா” என்றான். படியிறங்கி முகம் கழுவப் போனான்.

அவன் போன பிறகு யாரோ கேட்டார்கள், பம்பை நிறுத்திவிட்டால் அதிர்வும் நின்றுவிடுமா என்று. “உடனே நிக்காது. கீழ போன தண்ணி கீழதான் இருக்கு. அது மெல்லப் பரவிக்கிட்டே போகும். நிறுத்தினப்புறமும் ஒரு வருஷம், ரெண்டு வருஷம்கூட ஆடலாம். பெருசாவும் ஆடலாம்” என்றார் பாறை டாக்டர். அவள் அதைக் கேட்டுக்கொண்டாள்.

பிறகு இன்ஜினியர் ஒரு தாளை எடுத்து உயர்த்திக் காட்டினார். “சுவர் விழுந்தது துரதிர்ஷ்டம். ஆனா அந்தச் சுவருல அசைவே இல்லைன்னு விழறதுக்கு மூணு வாரம் முன்னாடி பதிவாகியிருக்கு. காரணம் பழைய கட்டடம்னு அந்த வீட்டுக்காரங்களே எழுதிக் கொடுத்திருக்காங்க.”

அவள் எழுந்தாள். ஏன் எழுந்தாள் என்று பின்னால் அவளுக்கே விளங்கவில்லை. கால் எழுந்தது, அவ்வளவுதான்.

“அது பொய்ங்க.”

“எது?”

“ரெண்டும். அந்தச் சுவருல நான் ஒட்டின கண்ணாடி உடைஞ்சு கிடந்துச்சு. பார்த்தேன். எடுத்துப் போட்டுட்டு வேற கண்ணாடி ஒட்டினேன். பழைய தேதியையே கீறினேன்.”

“ஏன்?” என்றார் குழுவில் மூத்தவர்.

முகத்தில் ஈரத்தோடு அவன் வாசல்படியில் வந்து நிற்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள். பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

“எழுதினா கொட்டகைக்குப் போகணும். அங்க ஒரே ஒரு ரூம். எங்க அண்ணியோட ஒரே ரூம்ல என்னால இருக்க முடியாதுன்னு தோணுச்சு. அதுக்கு மேல ஒன்னும் இல்லைங்க.”

இன்ஜினியர் அதைக் குறித்துக்கொண்டார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது பாதி வழியில் அவன் கேட்டான், “எப்ப உடைஞ்சு கிடந்துச்சு?”

“ஒரு செவ்வாய்க்கிழமை. அண்ணி போறதுக்கு மூணு வாரம் முன்னாடி.”

“ம்.”

அதற்கப்புறம் அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கை ஓங்கியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது. மறுநாளும் அவள் சோறு போட்டாள், அவன் சாப்பிட்டான்.

அறிக்கை வந்தது. காரணங்கள் பல என்று இருந்தது. பம்பைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். பொய்ப் பாரம் எழுதியதற்கு அவளுக்கு வேலை போயிற்று. பம்பு நின்றதால் அவனுக்கும், அவனோடு இன்னும் நாற்பது பேருக்கும் வேலை இல்லை. முதல் வாரம் பேக்கரிக்காரர் அவனைக் கண்ட இடத்தில் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டாவது வாரம், வேலை போன ஆட்கள் ரொட்டி வாங்குவதைக் குறைத்ததும், குலுக்குவதும் குறைந்தது. தெருவில் சிலர் வழி மாறிப் போனார்கள். பழைய பம்பு ஆட்கள் இருவர் வாசலில் நின்று, உள்ளே கேட்கிற மாதிரி, “நாப்பது வீட்டு அடுப்புல தண்ணி ஊத்தின மகராசன்” என்று பேசிவிட்டுப் போனார்கள்.

அவனுக்கு அதெல்லாம் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. இடிந்த சுவரின் செங்கல்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒட்டியிருந்த காரையைக் கொத்துக்கரண்டியால் சுரண்டி, தட்டி, சுத்தம் செய்து, வாசலில் அடுக்கினான். நல்லது ஒரு பக்கம், உடைந்தது ஒரு பக்கம். காலையில் ஆரம்பித்தால் வெயில் சாயும்வரை அதே சத்தம், கரக் கரக் என்று. அவள் எதிரே உட்கார்ந்து, அவன் சுரண்டிப் போட்டதை ஈரத்துணியால் துடைத்தாள். சில நாள் மத்தியானம் சாப்பிட மறந்தும் போயிற்று.

“நிறுத்திட்டாங்கல்ல, இனி ஆடாது” என்றான் ஒருநாள். “எட்டு போச்சு, பத்து போச்சு, இன்னைக்குப் பதினாறு. ஆடல.”

“ம்” என்றாள்.

“அப்ப அதுதான். அந்த வால்வுதான்.” அதைச் சொன்னபோது அவன் முகத்தில் ஒரு நிம்மதிகூட இருந்தது. தீர்ப்பு வந்துவிட்டவனின் நிம்மதி. பாறை டாக்டர் சொன்னதை அவனிடம் சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்தாள். துணியைப் பிழிந்து அடுத்த செங்கலை எடுத்தாள்.

இருபத்துமூன்றாம் நாள் காலை பதினோரு மணி. சின்னத் தூறல். முதலில் சத்தம்தான் வந்தது, பெரிய லாரி ஒன்று வீட்டுக்குள்ளேயே வருவதுபோல. அவன் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவின் நடுவுக்கு ஓடினான். தரை அலைபோல வந்தது. நிற்க முடியாமல் இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள். அடுக்கி வைத்த செங்கல் அத்தனையும் சரிந்தது. எங்கோ கண்ணாடி நொறுங்கியது. ஆட்கள் கத்தினார்கள். இருபது நொடிக்கு மேல் இருக்கும். இதுவரை வந்ததில் அதுதான் பெரிது.

நின்றதும், யார் யார் வெளியே வந்தார்கள் என்று எண்ணினார்கள். எல்லோரும் இருந்தார்கள். பேக்கரியின் அடுப்புச் சுவர் மட்டும் பாதிக்கு மேல் போய்விட்டது. தலையெல்லாம் மாவும் தூசியுமாகப் பேக்கரிக்காரர் தெருவின் நடுவில் வந்து நின்றார்.

“இப்ப யாரு திறந்தா?” என்று அவனைப் பார்த்துக் கத்தினார். “சொல்லுய்யா! பம்பு நின்னு இருபத்துமூணு நாளாச்சு. இப்ப எவன் போய் வால்வைத் திறந்தான்? ஊரு பொழப்பைக் கெடுத்துட்டியே, உன் டயரி எங்க போச்சு?”

பேக்கரிக்காரரின் மனைவி ஓடிவந்து அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

அவன் ஈரத் தரையில் உட்கார்ந்தபடியே இருந்தான். பேக்கரிக்காரர் திட்டியது அவனுக்கு உறைக்கவில்லை. அதிலிருந்து வேறு எதையோ பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தான். மெதுவாக அவள் பக்கம் திரும்பினான்.

“அப்ப நான் இல்லையா?”

சின்னப் பிள்ளை கேட்பதுபோல இருந்தது. ‘நீங்க இல்லைங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல அவளுக்கு வாய் இருந்தது. இத்தனை வருஷம் எத்தனையோ வீட்டில் சொல்லியிருக்கிறாள், ஒன்றுமில்லை, சின்னதுதான், பயப்படாதீங்க என்று.

“அந்தம்மா அன்னைக்கே சொன்னாங்க. நீங்க முகம் கழுவப் போயிருந்தீங்க. நிறுத்தினாலும் ரெண்டு வருஷம்கூட ஆடுமாம். கீழ போன தண்ணி கீழதான் இருக்குன்னாங்க.”

அவன் சரிந்து கிடந்த செங்கல்களைப் பார்த்தான்.

“உனக்குத் தெரியுமா அப்போ?”

“தெரியும்.”

“சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருக்கலாம்.”

“அப்ப இது அந்தத் தண்ணியா, இல்ல தானா ஆடினதா?”

“தெரியலைங்க. நிஜமா தெரியல.”

தூறல் அவன் தலைமுடியில் பொட்டுப் பொட்டாக நின்றது. அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டான். பிறகு, யாரிடமும் இல்லாமல், சொன்னான்.

“மெஷினை சன்னலோரம் தூக்கிப் போட்டது நான். போன வருஷம். உள் ரூம்ல இருந்துச்சுல்ல? ஊசியில நூல் கோக்கக் கண்ணு தெரியலடான்னா. சன்னல்கிட்ட போட்டா வெளிச்சமா இருக்கும்க்கான்னு நான்தான் சொன்னேன். வேணாம்டா, தெருவுல போறவன் எல்லாம் என்னையே பார்த்துட்டுப் போவான்னா. நான்தான் கேக்கல.”

அவளுக்கு அந்த நாள் நினைவு வந்தது. இரும்பு மெஷின், என்ன கனம். வாசற்படியில் இடித்து நின்றது. பின்னால் வந்த அண்ணி, “ரெண்டு பேரும் தின்ன சோறெல்லாம் எங்கதான் போச்சு?” என்று சிரித்தது. சன்னலோரம் வைத்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரே தடவையில் நூலைக் கோத்துக் காட்டி, “பாருங்க, எனக்கு இருபது வயசு குறைஞ்சிருச்சு” என்று சொன்னது.

“நீங்க தனியா எங்க தூக்கினீங்க?” என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. “அந்தப் பக்கம் பிடிச்சது நான்தானே.”

சொல்லி முடிப்பதற்குள் வாய் கோணிக்கொண்டது. அழுகை முதலில் சிரிப்பு மாதிரிதான் வந்தது. அவன் திரும்பிப் பார்த்தான். அவள் தோளைப் பற்றினான். அவனுக்கும் அப்போதுதான் வந்தது. ஐம்பது வயசு மனுஷன் நடுத்தெருவில் “அக்கா, அக்கா” என்று அழுதான்.

தெருவில் நின்றவர்கள் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். திரும்பவும் ஆடும் என்று பயந்து ஒருவரும் வீட்டுக்குள் போகவில்லை. மழை வலுத்தது. அவர்கள் இருவரும் எழுந்து, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, சரிந்து கிடந்த செங்கல்களைத் தாண்டி உள்ளே போனார்கள்.